லெவன்வொர்த்தில் பதினான்கு கல்லறைகள்

கன்சாஸ் சிட்டியிலிருந்து வடமேற்கே காரில் முக்கால் மணி நேரம். மிசூரி ஆற்றங்கரையில் 1827-இல் அமைத்த ராணுவ முகாம் லெவன்வொர்த் கோட்டை. கோட்டை என்றதும் செஞ்சி மாதிரி எதிர்பார்த்துப் போகாதீங்க. செங்கல் வீடுகள், பெரிய மரங்கள், ராணுவ அதிகாரிகள் படிக்கும் கல்லூரி, ஒரு அருங்காட்சியகம், அவ்வளவுதான். இன்றும் இயங்கும் முகாம் என்பதால், பின்னணியைச் சரிபார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். விசாவில் இருப்பவர்கள் கிளம்பும் முன் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

வருகிறவர்களில் பலர் தேசியக் கல்லறைத் தோட்டத்தோடு திரும்பிவிடுவார்கள். ராணுவச் சிறைக் கைதிகளுக்கென்று தனியாக இன்னொரு கல்லறை இருக்கிறது. சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள். அதில் 14 பேர் ஜெர்மன்காரர்கள். நான் போனதே அவர்களுக்காகத்தான்.

இரண்டாம் உலகப்போரில் பிடிபட்ட ஜெர்மன் வீரர்கள் மூன்றரை லட்சம் பேருக்கும் மேல் அமெரிக்க முகாம்களில் இருந்தார்கள். அங்கேயும் 'துரோகி' என்று சொல்லி சொந்த ஆட்களையே சிலர் கொன்றார்கள். ஓக்லஹோமாவின் டோன்காவா முகாமில் 1943 நவம்பரில் யோஹானஸ் குன்ஸே என்பவரை அடித்தே கொன்றார்கள். முகாமின் அமெரிக்க மருத்துவருக்கு அவர் ரகசியமாகக் கொடுத்த சீட்டு மாட்டிக்கொண்டது, கையெழுத்து காட்டிக்கொடுத்துவிட்டது.

அரிசோனாவில் நடந்தது இன்னும் கொடுமை. வெர்னர் ட்ரெக்ஸ்லர் நீர்மூழ்கிக் கப்பல் மாலுமி. பிடிபட்ட பிறகு சக கைதிகளிடம் பேச்சுக் கொடுத்து அமெரிக்கர்களுக்குத் தகவல் சேகரித்துத் தந்தவர். அப்படிப்பட்டவரை 1944 மார்ச்சில் பாபகோ பார்க் முகாமில், ஜெர்மன் மாலுமிகள் நடுவிலேயே கொண்டுபோய் விட்டார்கள். யார் யோசனையோ! வந்த அன்றே அடையாளம் கண்டுகொண்டார்கள். அன்றிரவே குளியலறையில் தூக்கில் தொங்கவிட்டார்கள்.

மூன்றாவதாக இன்னொரு கொலை. மூன்றையும் அமெரிக்க ராணுவ நீதிமன்றங்கள்தான் விசாரித்தன. 1929 ஜெனீவா ஒப்பந்தப்படி, போர்க்கைதிக்கும் பிடித்துவைத்த நாட்டின் ராணுவச் சட்டமே. அவர்கள் கொலை செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உறுத்துவது தேதிகள்தான். தண்டனை விதித்தும் உடனே நிறைவேற்றவில்லை. ஜெர்மனியின் கையிலும் அமெரிக்கக் கைதிகள் இருந்தார்களே! ஆட்களை மாற்றிக்கொள்ளப் பேச்சு நடந்தது. 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. பேரம் பேச எதிரே ஆளில்லை. ஜூலை 10-இல் ஐந்து பேர், 14-இல் இரண்டு பேர், ஆகஸ்ட் 25-இல் மாலுமிகள் ஏழு பேர். ஜப்பானும் பணிந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஒரு கிடங்கின் லிஃப்ட் குழியில் ஒருவர்பின் ஒருவராக அந்த ஏழு பேரையும் தூக்கிலிட்டார்கள்.

"சண்டைதான் முடிஞ்சுபோச்சே, அப்புறம் ஏங்க?" என்றாள் மனைவி. "கொலை கொலைதானே" என்று சொல்லிவிட்டு, அந்தப் பதில் எனக்கே போதாமல் நின்றேன்.

இதே வளாகத்துச் சிறையில்தான் மரண தண்டனை பெற்ற அமெரிக்கப் படையினர் நான்கு பேர் இன்றும் இருக்கிறார்கள். 2009-இல் ஃபோர்ட் ஹூட்டில் 13 பேரைச் சுட்டுக் கொன்ற ராணுவ மருத்துவர் நிடால் ஹசன் அதில் ஒருவர். ஜனாதிபதியின் ஒப்புதல் இல்லாமல் தண்டனையை நிறைவேற்ற முடியாது. ரொனால்ட் கிரே என்பவருக்கு 1988-இல் தீர்ப்பு. 2008-இல் புஷ் ஒப்புதல் தந்தும் வழக்கு நீண்டது. கிட்டத்தட்ட என் வயசு அந்தத் தீர்ப்புக்கு! இழுத்தடிப்பு என்பார்கள் சிலர். அந்த லிஃப்ட் குழியை நினைத்தால், இழுக்கட்டுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1961 ஏப்ரலுக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் யாருக்கும் மரண தண்டனையை நிறைவேற்றவில்லை.