சாம்பலில் எழுந்த பறவையின் ஊரில்

பாலைவனம் என்றதும் உங்கள் மனக்கண்முன் விரிவது ஹிஜாஸின் மணற்பரப்பாகத்தான் இருக்கும். நான் சொல்லப் போகும் பாலைவனத்திலும் பேரீச்சை உண்டு. ஒரு காலத்தில் ஒட்டகமும் இருந்தது. ஆயினும் அது அமெரிக்க நாட்டின் தென்மேற்கில், அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது. அதன் நடுவே, 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பீனிக்ஸ் மாநகரம் நிற்கிறது. சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால் மக்கள்தொகை இதைப்போல் மூன்று மடங்கு ஆகிவிடும்.

என் இளைய சகோதரியின் குடும்பம் அப்பெருநகரை ஒட்டிய சாண்ட்லர் என்னும் ஊரில் வசிக்கிறது. அவள் கணவர் மின்னணுச் சில்லுத் தொழிலில் பொறியாளர். 2024 ஜூலையில் அங்கே ஐந்து வாரம் தங்கும் வாய்ப்பை அல்லாஹ் எனக்கு அருளினான். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது இரவு மணி பத்து. ரொட்டிக்கடை அடுப்பின் வாயருகே நிற்பது போன்ற காற்று முகத்தில் மோதியது. "இதற்குத்தான் காக்கா உங்களை வரச் சொன்னேன்" என்றாள் தங்கை. அவர் அங்கேயே வீடு வாங்க எண்ணுகிறார். அவளோ வேறு ஊருக்குப் போக விரும்புகிறாள். நான் நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். ஏழாண்டு வாழ்ந்தவர்களுக்கு ஏழு நாள் விருந்தாளி என்ன சொல்ல முடியும்? அங்கு வாழ்வோரிடம் கேட்டுத் தெரிந்து கொள்கிறேன் என்றேன்.

முதலில் அந்த வெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 பாரன்ஹீட் பாகைக்குக் குறையவில்லை. அதாவது 43 செல்சியஸுக்கும் மேல். அந்த மாதத்தில் ஓர் இரவு, மிகக் குளிர்ந்த வேளையிலேயே 97 பாகை இருந்ததாம். அவ்வாண்டு வெப்பத்தால் அந்த மாவட்டத்தில் இறந்தவர்கள் 645 பேர். நண்பகலில் தார்ச்சாலையில் விழுந்தவர்கள் தீக்காயத்துடன் மருத்துவமனைக்குக் கொண்டு வரப்படுவது கோடைதோறும் நடப்பது. அண்ணலார் (ஸல்) அவர்கள் கடும் வெயிலில் லுஹரைச் சற்றுத் தாமதித்துத் தொழச் சொன்னார்கள் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். அதன் பொருளை அங்கேதான் என் உடம்பு விளங்கிக் கொண்டது.

தங்கையின் குறை வெயில் மட்டுமன்று. "மே கடைசியிலிருந்து செப்டம்பர் பாதிவரை திரைச்சீலையை விலக்க முடியாது. பிள்ளைகள் தெரு என்பதையே அறியமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியோடு வீட்டுக்குள் நுழைவார், வண்டியோடு வெளியேறுவார், முகம் தெரியாது. நான் செத்துக் கிடந்தாலும் குளிர்சாதனம்தான் ஓடிக்கொண்டிருக்கும்" என்றாள். சிரித்துக் கொண்டேதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

அவள் கணவரின் பக்கமும் பொய்யன்று. "இங்கே பூகம்பமில்லை, புயலில்லை, பனி அள்ள வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் இந்த விலைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வந்து பாருங்கள் மச்சான், ஊரே பூங்காவாக இருக்கும்" என்றார். வெயிலை மண்வெட்டியால் வாரிக் கொட்ட வேண்டியதில்லை என்பது அந்த ஊரார் வாயில் அடிக்கடி வரும் சொல். பனிநாடான சிகாகோவிலிருந்து மூட்டுவலியோடு வந்து குடியேறிய ஒரு முதியவரும் இதையே சொன்னார். இஸ்லாத்தைத் தழுவிய கறுப்பினச் சகோதரர் அவர். ஊன்றுகோல் இல்லாமல் ருகூஉ செய்கிறேன், இதைவிட வேறென்ன வேண்டும் என்பது அவர் கேள்வி.

அவரை நான் சந்தித்தது டெம்பி நகர்ப் பள்ளிவாசலில். பல்கலைக்கழகத்துக்கு அருகில் 1984இல் எழுப்பப்பட்ட அப்பள்ளி, பைத்துல் முகத்தஸிலுள்ள குப்பத்துஸ் ஸக்ராவின் சாயலில் எண்கோணமாகக் கட்டப்பட்டது. அமெரிக்கத் தெருவில் திடீரென அந்தக் குவிமாடம் தெரியும்போது கண் கலங்காத முஸ்லிம் இருக்க முடியாது. ஜும்ஆ முடிந்து அதன் நிழலில் நின்றவர்களிடம்தான் என் விசாரணையைத் தொடங்கினேன்.

ஈராக்கிலிருந்து அகதியாக வந்த பெரியவர் ஒருவர் என் கேள்வியைக் கேட்டு நகைத்தார். "பஸ்ராவின் வெயிலைப் பார்த்தவனுக்கு இது ஒரு வெயிலா? அங்கே மின்சாரம் நின்றுவிடும். இங்கே நிற்பதில்லை, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு ஒரு கதை சொன்னார். அந்நகரின் மேல் மலைபோல் எழுந்து வரும் புழுதிப் புயலுக்கு அங்குள்ள வானிலையாளர்கள் 'ஹபூப்' என்ற அரபுச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். 2011 ஜூலையில் பெரும் புயலொன்று நகரை மூடியபோது, எங்கள் ஊர்ப் புழுதிக்கு அரபுப் பெயரா என்று சிலர் பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்களாம். சொல் நிலைத்துவிட்டது. இப்போது சிறுபிள்ளைகளும் ஹபூப் என்கிறார்கள்.

எல்லாக் கதையும் இப்படிச் சிரிப்பில் முடிவதில்லை. 2001 செப்டம்பர் 15 அன்று பக்கத்து ஊரான மேசாவில், தலைப்பாகை அணிந்த பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியச் சகோதரரை, அவர் பெட்ரோல் நிலைய வாசலிலேயே ஒருவன் சுட்டுக் கொன்றான். அவரை அரபியர் என்று எண்ணினானாம். எவர்மீதோ உள்ள வெறுப்புக்கு எவரோ பலியானார். ஹிஜாப் அணிந்து கடைக்குப் போகத் தனக்கு அச்சமில்லை என்று ஒரு பாலஸ்தீனத் தாய் கூறினார். அவரருகில் நின்ற மகளோ, இருட்டிய பிறகு தனியே போகமாட்டேன் என்றாள். ஒரே வீட்டில் இரண்டு பதில்கள்.

எனக்கு மறக்க முடியாத பதிலைச் சொன்னவர் வீடுவீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் சோமாலிய இளைஞர். வண்டியின் குளிர்சாதனம் பழுது, சரிசெய்யப் பணமில்லை. "இங்கே வாழ்வது நல்லதா என்று யாரிடம் கேட்டாலும், முதலில் அவர் வேலை கூரைக்கு மேலா கீழா என்று கேளுங்கள்" என்றார். உண்மைதான். மின்கட்டணப் பாக்கிக்காக 2018இல் இணைப்பு துண்டிக்கப்பட்ட ஒரு மூதாட்டி வெப்பத்தால் இறந்து போனார். அதன் பின்னரே, கோடையில் மின் இணைப்பைத் துண்டிக்கலாகாது என்ற தடை 2019இல் வந்தது.

இனித் தண்ணீர். ஆண்டுக்கு எட்டு அங்குலம்கூட மழை பெய்யாத ஊர் அது. கொலராடோ ஆற்றுநீரை 336 மைல் கால்வாய் வழியாக மேடேற்றிக் கொண்டு வருகிறார்கள். 1973இல் தொடங்கிய பணி இருபது ஆண்டுகள் நடந்தது. அந்த ஆறே இளைத்துப் போனதால் 2022இல் அரிசோனாவின் பங்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று குறைக்கப்பட்டது. நிலத்தடி நீரை மட்டும் நம்பி எழும் புதுக் குடியிருப்புகளுக்கு அனுமதியில்லை என்று 2023 ஜூனில் மாநில அரசு அறிவித்தது. இத்தனைக்கும் நடுவே கோல்ஃப் மைதானங்களில் புல் பச்சைப்பசேல் என்றிருக்கிறது! ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்காதீர் என்ற நபிமொழியை அங்கே யாரிடம் சொல்வது? பள்ளியின் உளூக் குழாயை நானும் பாதிதான் திறந்தேன்.

இந்தத் தண்ணீர்க் கவலை புதியதுமன்று. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே ஹோஹோகம் என்னும் பழங்குடியினர் அங்கே நூற்றுக்கணக்கான மைல் வாய்க்கால் வெட்டி வேளாண்மை செய்தனர். ஏறத்தாழ 1450ஆம் ஆண்டளவில் அவர்கள் ஊர்கள் வெறிச்சோடின. காரணத்தில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1867இல் வந்தவர்கள் அந்தத் தூர்ந்த வாய்க்கால்களையே தோண்டிப் பயிர்செய்தார்கள். அழிந்த ஊரின் மேல் எழும் ஊர் என்பதால், சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பழைய வாய்க்காலின் தடத்தை இன்றும் எஸ்-எடாவ் வாக்கி அருங்காட்சியகத்தில் காணலாம். அதன் கரையில் நின்றபோது, வீடு வாங்கும் வழக்கு எனக்கு மிகச் சிறியதாகத் தோன்றியது. தங்கைக்கு அப்படித் தோன்றாது என்பதும் தெரியும்.

ஒட்டகத்தைச் சொல்லாமல் விட்டேனே! 1856இல் அமெரிக்க இராணுவம் பாலைவனப் போக்குவரத்துக்கு ஒட்டகங்களை இறக்குமதி செய்தது. அவற்றுடன் வந்தவர்களில் ஒருவர் ஹாஜி அலி. அமெரிக்கர் நாவில் அப்பெயர் 'ஹை ஜாலி' ஆயிற்று. ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது. அவர் அங்கேயே தங்கி 1902இல் மறைந்தார். குவார்ட்ஸைட் என்ற சிற்றூரில் அவர் அடக்கத்தின் மேல் 1935இல் எழுப்பிய கூம்பின் உச்சியில் செம்பு ஒட்டகம் நிற்கிறதாம். போய்ப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை.

நான் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு, மஃரிபுக்குப் பின் ஹபூப் வந்தது. அதைத் தொடர்ந்து மழையும் வந்தது. அங்கே கிரியோசோட் என்றொரு புதர் உண்டு. மழை பட்டதும் பாலைவனம் முழுவதும் அதன் வாசம் பரவும். தங்கை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முற்றத்தில் நனைந்து நின்றாள். அக்கம்பக்கத்துக் கதவுகளும் திறந்தன. ஏழாண்டில் முதல்முறையாக எதிர்வீட்டு அம்மையாரின் பெயரைக் கேட்டுத் தெரிந்து கொண்டாள்.

அன்றிரவு இருவரும் என் தீர்ப்பைக் கேட்டார்கள். "வாங்குவதானால் ஒரு கோடை முழுவதும் நீங்கள் வீட்டிலிருந்து பாருங்கள், போவதானால் ஒரு குளிர்காலம் நீ வெளியே நடந்து பார்" என்றேன். இருவருக்கும் பிடிக்கவில்லை. அண்மையில் தொலைபேசியில் பேசினாள். வாடகை ஒப்பந்தத்தை மேலும் ஓராண்டு நீட்டித்திருக்கிறார்களாம். எதிர்வீட்டு அம்மையார் தம் தோட்டத்துப் பேரீச்சம்பழம் ஒரு தட்டு அனுப்பினாராம். நோன்பு திறக்க எடுத்து வைத்திருக்கிறாளாம்.