ஒழுங்கான எதிர்காலம்

மணியாச்சி ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? தூத்துக்குடிக்கு ஒரு பாதை, திருநெல்வேலிக்கு ஒரு பாதை என்று தண்டவாளம் பிரிகிற இடம் அது. 1911-ல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது இங்கேதான். மற்றபடி, பார்க்கும் திசையெல்லாம் கரிசல் காடு.

சென்ற புரட்டாசியில் ஓர் இரவு, என் தங்கையைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட அம்மாவும் நானும் அங்கே போயிருந்தோம். சென்னையிலிருந்து அவள் மாட்ரிட் போகிறாள். அங்கே சர்வகலாசாலையில் மூன்று வருஷம் ஆராய்ச்சி. வழக்கம்போல் ரயில் தாமதம். பெட்டியின் மேல் உட்கார்ந்து ஸ்பானிஷ் பாடத்தை உருப்போட ஆரம்பித்தாள்.

"அப்லாரே, அப்லாராஸ், அப்லாரா, அப்லாரேமோஸ், அப்லாரேயிஸ், அப்லாரான்..."

"என்னட்டி இது, மந்திரமா?" என்றாள் அம்மா.

மந்திரமில்லை, எதிர்காலம்! 'அப்லார்' என்றால் பேசுதல். அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு ஆறு விகுதிகளை ஒட்டினால் போதும்: பேசுவேன், பேசுவாய், பேசுவான், பேசுவோம், பேசுவீர்கள், பேசுவார்கள். அவன், அவள் என்ற பேதமில்லை, இருவருக்கும் 'அப்லாரா'தான். ஸ்பானிஷ் வினைகள் ஆர், ஏர், ஈர் என மூன்று விதமாக முடியும். நிகழ்காலத்தில் விகுதிகள் மாறித் தொல்லை கொடுக்கும். எதிர்காலத்திலோ மூன்றுக்கும் அதே ஆறுதான். 'கொமேர்' என்ற சாப்பிடுதல் 'கொமேரே' ஆகும். 'விவீர்' என்ற வாழ்தல் 'விவீரே' ஆகும். ஆதியில் இந்த விகுதிகள் 'உடைமை'யைக் குறிக்கும் தனிச் சொல்லாக இருந்தவை. நாம் 'பேச இருக்கிறேன்' என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

"மணி பத்து இருக்கும்" என்று அம்மா கொட்டாவி விட்டாள்.

"பார்த்தியா, நீயும் எதிர்காலத்திலேதான் பேசுறே! உத்தேசமாச் சொல்ல அவங்களும் இப்படித்தான்: 'செரான் லாஸ் தியெஸ்'" என்று சிரித்தாள் தங்கை.

அம்மாவுக்குச் சுவாரஸ்யம் பிறந்துவிட்டது. "மழை பெய்யும்னு எப்படிச் சொல்லுவாக?"

"யோவேரா."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறவர்கள் நாங்கள். அந்தச் சொல்லின் அருமை எங்களுக்குத் தெரியாதா?

நான் சும்மா இருந்திருக்கலாம். தூத்துக்குடிக்குத் தெற்கே புன்னைக்காயலில் வாழ்ந்த ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் பாதிரியாரைப் பற்றிச் சொன்னேன். போர்த்துக்கல்காரரான அவர், 1549 வாக்கிலேயே தமிழுக்குத் தம் பாஷையில் இலக்கணம் எழுதியவர். போர்த்துக்கீசு ஸ்பானிஷுக்குக் கூடப்பிறந்த மாதிரி; எதிர்கால விகுதிகளும் ஏறக்குறைய அவையே. இவள் அப்லாரே, அப்லாராஸ் என்கிறாள். அவர் பேசுவேன், பேசுவாய் என்று உருப்போட்டிருப்பார்.

"அப்புறம் அவர் ஊருக்குத் திரும்பினாரா?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். 1600-ல் அவர் காலமானது இந்தக் கடற்கரையில்தான்.

அம்மா நேரே தங்கையிடம் திரும்பினாள். "வருவேன்னு எப்படிட்டி சொல்லணும்?"

தங்கை தயங்கினாள். 'வெனீர்' என்பது வருதல். முறைப்படி 'வெனீரே' என்றுதான் வரவேண்டும். ஆனால் அது ஒழுங்கில் அடங்காத சில வினைகளில் ஒன்று. 'வெந்த்ரே' என்று ஆகிவிடும்.

"வர்றதிலேயே கோளாறா?" அம்மாவின் குரல் கம்மியது.

தங்கை அவசரமாக ஏடுகளைப் புரட்டினாள். "இன்னொண்ணு இருக்கும்மா! 'வொல்வேர்', திரும்பி வருதல். எதிர்காலத்தில் இது ஒழுங்கான வினை. 'வொல்வேரே'ன்னா, திரும்பி வருவேன்."

அதற்குள் ரயில் வந்துவிட்டது. "போயிட்டு வாரேம்மா" என்று தங்கை கையைப் பிடித்தாள்.

"அது கிடக்கட்டும். அந்த ஒழுங்கானதைச் சொல்லு."

"வொல்வேரே" என்றாள் தங்கை. கண் நிறைந்திருந்தது.

கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு இருட்டில் மறைந்தது. வண்டியில் ஏறி ஊர்ப் பாதையில் திரும்பினோம். வெகு நேரம் அம்மா பேசவில்லை. பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் மெல்ல ஒரு சொல் கேட்டது.

"வொல்வேரா."

விகுதியை மாற்ற அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.