சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

சாரல் ஆரம்பித்துவிட்டால் தென்காசியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பும். நாங்கள் 11 பேர் மட்டும் ஹாக்கி மட்டையோடு மைதானத்துக்குப் போவோம். ‘கிறுக்குப் பயலுவ’ என்று டீக்கடை அண்ணாச்சி எங்களுக்குச் சான்றிதழே கொடுத்திருந்தார்.

எங்கள் அணியின் சொத்து என் நண்பன். பெனால்டி கார்னர் அடிப்பதில் புலி. ஹாக்கி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பெனால்டி கார்னரின்போது, கோல்கீப்பரோடு சேர்த்து எதிரணியில் 5 பேர்தான் தடுக்கலாம். மிச்சப் பேர் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். ஐஸ் ஹாக்கியில் ‘பவர் பிளே’ என்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரிச் சலுகை. ஒருவர் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவார், இன்னொருவர் ‘டி’க்கு வெளியே அதை நிறுத்துவார், மூன்றாமவர் அடிப்பார். நிறுத்துகிற அந்த ‘இன்னொருவர்’ அடியேன்.

2009-ல் நண்பனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. ஐந்தருவியில் ஒரு குளியல், பிரானூர் பார்டரில் பரோட்டா, கண்ணீர், டாட்டா.

அவன் இடத்துக்கு ஒரு தம்பி வந்தான். நல்ல பையன். அடுத்த நாலு ஆட்டத்தில் 14 பெனால்டி கார்னர் கிடைத்தது. கோல்? பெரிய பூஜ்யம்.

நான் பி.காம். கணக்கு டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவைத்து, பிறகு தப்பைத் தேட வேண்டும் என்றுதான் படித்திருந்தேன். ஆனால் தேடவெல்லாம் எனக்கு ஏது பொறுமை? நேராகத் தம்பி பெயரில் பற்று எழுதிவிட்டேன்.

“கையா அது, வாழைத்தண்டாலே?”

“அண்ணே, பந்து...” என்று ஆரம்பித்தான்.

“பந்துக்கு என்னல? போ அங்கிட்டு!”

மறுவாரத்திலிருந்து அவன் வரவில்லை. ஹாக்கியையே விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

கேட்டவர்களுக்கெல்லாம் நான் இந்தியக் கதையைச் சொல்லிச் சமாளித்தேன். 2006 ஆகஸ்டில், உலகக் கோப்பைக்குப் புறப்பட இரண்டே நாள் இருக்கையில், சதாப்தி ரயிலில் தவறுதலாக வெடித்த துப்பாக்கிக் குண்டு சந்தீப் சிங் மேல் பாய்ந்தது. பெனால்டி கார்னருக்கு அவரைத்தான் அணி நம்பியிருந்தது. பயிற்சியாளர் யார்? 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் கேப்டன், நம்ம வாசுதேவன் பாஸ்கரன்! அப்படியும் 12 அணிகளில் இந்தியாவுக்கு 11-வது இடம்தான். “அவங்களுக்கே அந்தக் கதி, நாம எந்த மூலைக்கு?” என்பேன்.

இரண்டு வருஷம் கழித்து நண்பன் லீவில் வந்தான். பழைய ஆசையில் மைதானத்துக்குப் போனோம். நான் நிறுத்தினேன், அவன் அடித்தான். கோல்!

“பாத்தியா, அடிக்க ஆள் வேணும்ல!” என்றேன்.

அவன் சிரித்தான். “நீ எப்பவுமே ஒரு முழம் தள்ளித்தான் நிறுத்துவ. நான் அதுக்குத் தக்கன காலை மாத்திக்கிடுவேன். புதுசா வாரவனுக்கு எப்படித் தெரியும்?”

அன்று ஐந்தருவியில் எவ்வளவு நேரம் நின்றும் தலை குளிரவில்லை.

2012 பிப்ரவரியில் டெல்லியில் ஒலிம்பிக் தகுதிச்சுற்று. இறுதி ஆட்டத்தில் இந்தியா 8-1 என்று பிரான்ஸை ஜெயித்தது. அதில் 5 கோல் சந்தீப் சிங்குடையது. உடம்பு தேறி வந்த மனுஷன்! ஊரே அவரைக் கொண்டாடியது. நான் மட்டும், பந்தை நிறுத்திக் கொடுத்த கை யாருடையது என்று டி.வி.யில் தேடிக்கொண்டிருந்தேன்.

போன சீசனில் குற்றாலத்தில் ஒரு பழக்கடையில் குரல் கேட்டது. “அண்ணே!” அந்தத் தம்பிதான். தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொல்லி, “தப்பு என் பேர்லதான் தம்பி” என்றேன்.

“அது அப்பவே தெரியும்ணே” என்றான் சாதாரணமாக. காசு வாங்கவில்லை. “இந்தாங்க” என்று ஒரு மங்குஸ்தானைத் தூக்கிப் போட்டான். என் கைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து உருண்டது.

“அண்ணே, பந்து...” என்றான்.

இந்தத் தடவை அவனை முழுசாகச் சிரிக்க விட்டேன்.