சீலிங்கில் ஒரு கறை

தேக்கா பக்கம் இருந்த எங்கள் வீவக வீட்டை விற்றபோது, பாத்ரூம் சீலிங்கிலிருந்த நீர்க்கறைமேல் அப்பா பெயின்ட் அடித்தார். "வாங்குறவங்க பாத்து வாங்கட்டும்."

புது பிடிஓ வீட்டுக்கு ஓராண்டு பழுதுப் பொறுப்புக் காலம் உண்டு. பழைய வீட்டுக்கு ஏது? கண்ணும் காதும்தான்.

பார்க்க வந்த தம்பதியுடன் ஒரு பாட்டி. இருபது காசு நாணயத்தால் டைல்ஸைத் தட்டித் தட்டி, பொக்கென்று ஒலித்த மூன்றைக் காட்டினார். அப்புறம் அண்ணாந்து பார்த்தார். "இங்க மட்டும் பெயின்ட் புதுசா இருக்கே தம்பி?"

அப்பா வாயே திறக்கவில்லை. மேல்வீட்டுக் கசிவு என்று நான்தான் சொன்னேன். அதன் செலவில் கீழ்வீட்டுக்காரருக்கும் பங்குண்டு. நாளை அது இவர்கள் தலையில்.

விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கினார்கள். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.