கூடாரமும் குடும்பமும்

பள்ளி விடுமுறை பிறந்ததும், மலாக்காவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில, தஞ்சோங் பிடாராக் கடற்கரைக்கோ, லேடாங் மலையடியிலுள்ள ஆசாகானுக்கோ கூடாரத்துடன் புறப்படுகின்றன. பிள்ளைகளுக்கு இதுவும் ஒரு கல்வியே. ஆயின், கூடாரத்தைத் தேர்கையில் நிறத்தையும் விலையையும் மட்டும் நோக்குதல் போதாது.

பால்மரம் வெட்டிய மூத்த தலைமுறையினர் விடியற்கால மழையை நன்கு அறிவர். தென்மேற்குப் பருவத்தில், சுமத்திராத் தீவின் பக்கமிருந்து நீரிணையைக் கடந்து, பொழுது புலருமுன் இடியும் சூறையுமாய் வந்து மோதும் மழை அது. அது பெய்தால் அன்று மரம் வெட்ட இயலாது, கூலிக்கும் கேடு. அந்த மழைதான் கடற்கரைக் கூடாரத்தில் உறங்கும் குழந்தையின் தலைமேலும் பெய்கிறது.

ஆதலின் துணியின் தரமே முதலில் நோக்கத்தக்கது. நீர் தாங்கும் திறன் 3,000 மில்லிமீட்டர் எனக் குறித்திருப்பின், மூன்று மீட்டர் உயர நீரின் அழுத்தம் வரை அத்துணி கசியாது என்பது பொருள். தையல்களின்மேல் நாடா ஒட்டியிருத்தல் வேண்டும். உள்ளே கொசுவலை, வெளியே மழைத்துணி, இடையே காற்றோட்டம் என ஈரடுக்காய் அமைந்ததே நம் நாட்டு வெப்பத்திற்கு ஏற்றது. ஒற்றைத் துணியாயின், உறங்குவோரின் மூச்சே உள்ளே நீர்த்துளியாய்ப் படியும். ‘நால்வர் கூடாரம்’ என்பது நால்வர் நெருங்கிப் படுக்கும் அளவே. பைகளுக்கும் இடம் வேண்டின், அறுவர் கூடாரமே தக்கது. வாங்கியதும் வீட்டு முற்றத்தில் ஒருமுறை கட்டி, நீர் தெளித்துப் பார்த்துவிடுதல் நன்று.

எனினும், கூடாரத்தினும் முந்தியது இடம். முல்லைப்பாட்டின் 103 அடிகளுள் பாசறை ஒன்றைக் காட்டும் நப்பூதனார், புதர்களை வெட்டி, முள்வேலி வளைத்து, நிலத்தைக் காவலாக்கிய பின்னரே, தழைக்கூரைகளையும் அரசனின் திரையிட்ட இருக்கையையும் காட்டுகிறார். அம்முறையில் ஆழ்ந்த பொருளுண்டு.

2022 டிசம்பர் 16ஆம் நாள் பின்னிரவில், சிலாங்கூரின் பத்தாங்காலி அருகே மலைச்சரிவு பெயர்ந்து முகாம் ஒன்றின்மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட 31 பேர் மாண்டனர். எத்துணை உயர்ந்த துணியும் அம்மண்ணைத் தாங்கியிராது. சரிவின் அடிவாரம், ஆற்றின் ஓரம், பட்ட கிளையின் நிழல் ஆகிய மூன்றையும் விலக்கிய பின்னரே முளையடித்தல் வேண்டும். அவ்வாறு அடித்த முளையே, பெற்றோர் பிள்ளைகளுக்கு நல்கும் முதற் காவல்.