வானத்துக்கு நான் பட்ட கடன்

சென்ற ஆண்டு எமது பாடசாலையின் பேச்சுப் போட்டிக்கு என் பேத்திக்குக் கிடைத்த தலைப்பு ‘ஓசோன் படலத்தைக் காப்போம்’ என்பதாகும். 2014ஆம் ஆண்டில் இந்தக் கனடா மண்ணிலே பிறந்த பிள்ளை அவள். பேச்சை மனனம் செய்விக்கும் பொறுப்பு, ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் என்னிடம் வந்து சேர்ந்தது. ‘குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த வாயுவே ஓசோன் படலத்தைச் சிதைத்தது’ என்ற வசனத்துக்கு வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள்.

“அம்மப்பா, நீங்கள் பிரிட்ஜ் திருத்திற வேலைதானே செய்தனீங்கள்? நீங்களும் அந்த வாயுவைக் காற்றில விட்டனீங்களோ?”

“ஓம்” என்றேன். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்ட பதிலை இம்மலரிலே எழுதுகின்றேன்.

1988ஆம் ஆண்டின் கடுங்குளிர் காலத்தில் நான் மொன்றியல் நகரில் வந்திறங்கினேன். பின்னர் ரொறன்ரோவுக்கு வந்து, கடைகளின் குளிரூட்டிகளைத் திருத்தும் சிறு நிறுவனமொன்றில் உதவியாளனாகச் சேர்ந்தேன். பழுதடைந்த இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முன் அதனுள் இருக்கும் வாயுவை வெளியேற்ற வேண்டும். குழாயைத் திறந்தால் ‘உஸ்’ என்ற ஓசையோடு அது காற்றில் கலந்துவிடும். நிறமில்லை, தீப்பற்றுவதுமில்லை. “பயப்படத் தேவையில்லாத வாயு” என்றே எனக்கு வேலை பழக்கியவர் சொன்னார். குளோரோபுளோரோகாபன் வகையைச் சேர்ந்த அதனை நாங்கள் ஆர்-12 என்று அழைப்போம்.

நான் வந்திறங்கிய அதே மொன்றியல் நகரில், 1987 செப்டெம்பர் 16ஆம் திகதி, அந்த வாயுவின் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. இதை நான் அறியேன். எங்கள் பட்டறையில் அதைப்பற்றி எவரும் பேசிக் கேட்டதுமில்லை.

அந்த ஒப்பந்தம் பிறந்த கதை மாணவர்கள் அறிய வேண்டியதொன்று. இவ்வாயுக்கள் மேல் வளிமண்டலத்தை அடைந்து சிதைந்து, சூரியனின் புறஊதாக் கதிர்களிலிருந்து எம்மைக் காக்கும் ஓசோனை அழிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்னும் இரு அறிவியலாளர் 1974இல் எழுதினர். தொழிற்றுறையினர் அதை ஏற்க மறுத்தனர். 1985இல் அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டனர். அதன்பின் இரண்டே ஆண்டுகளில் நாடுகள் ஒப்பமிட்டன.

ஆனால் அளவீடு தானாகச் சட்டமாகிவிடுவதில்லை. இடையில் சிலர் நின்று இரு கரைகளையும் இணைக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பின் தலைவராக இருந்த எகிப்தியர் முஸ்தபா தொல்பா அத்தகையவர். தாவர நோய்களை ஆராய்ந்த அறிவியலாளரான அவர், ஆய்வாளரின் மொழியையும் அமைச்சர்களின் மொழியையும் அறிந்திருந்தார். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு தடவையேனும் வல்லுநர் குழுக்களின் மதிப்பீட்டைப் பெற்று, கட்டுப்பாடுகளை மீளாய்வு செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. அறிவியல் மட்டுமன்றி, மாற்றுத் தொழில்நுட்பம் உண்டா, செலவென்ன என்பவற்றையும் வல்லுநர்கள் ஆராய்ந்தனர். இதனாலேயே, பாதியாகக் குறைப்போம் என்று தொடங்கிய உடன்பாடு 1990இல் முற்றாக நிறுத்துவோம் என வளர்ந்தது. வறிய நாடுகளுக்கு உதவ ஒரு நிதியமும் உருவாயிற்று.

இறுதியில் அச்சட்டம் என் கைக்கும் வந்தது. வாயுவைக் காற்றில் விடலாகாது. உருளையில் மீட்டெடுக்க வேண்டும் என்றார்கள். பயிற்சி வகுப்புக்குச் சென்றேன், பரீட்சை எழுதினேன், அட்டையும் பெற்றேன். எதைச் செய்யக்கூடாது என்பது விளங்கியது. ஏன் என்பது, எனது அந்நாளைய ஆங்கில அறிவுக்கு எட்டவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பலசரக்குக் கடையொன்றின் பின்புறத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மீட்கும் இயந்திரத்தை இணைத்து வேலையை முடிக்க ஒரு மணி நேரமாவது செல்லும். “திறந்து விடு, யார் பார்க்கப்போகிறார்கள்?” என்றார் மேற்பார்வையாளர். வீட்டிலே காய்ச்சலோடு கிடந்த மகளை எண்ணிக்கொண்டு திறந்துவிட்டேன். முன்னர் விட்டதெல்லாம் அறியாமல் விட்டது. இது அறிந்து விட்டது. பேத்தி கேட்டபோது என் காதில் ஒலித்தது அந்த ‘உஸ்’ ஓசையே.

ஆர்-12 வளிமண்டலத்தில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தங்கக்கூடியது. அன்று நான் விட்டதிற் பெரும்பகுதி இன்றும் வானில் உலாவுகிறது. அது ஓசோனை மட்டும் அழிப்பதன்று. பூமியின் வெப்பத்தையும் தடுத்து வைக்கிறது. இவ்வகை வாயுவின் ஒரு மூலக்கூறு, காபனீரொட்சைட்டின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு நிகராக வெப்பத்தைப் பிடிக்கும் என்று 1975இல் கண்டு சொன்னவர் ஒரு தமிழர். வீரபத்திரன் இராமநாதன் என்னும் அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று, செக்கந்தராபாத்தில் ஒரு குளிர்சாதன நிறுவனத்தில் வாயுக் கசிவைத் தடுக்கும் பணியில் இருந்தவர். நானும் அவரும் ஒரே தொழிலில் நின்றிருக்கிறோம்! அவர் கசிந்த வாயு எங்கே போகிறது என்று பின்னாளில் கேட்டார், நான் கேட்கவில்லை. அவர் ஆய்வோடு நின்றுவிடாது, பாப்பரசரின் அறிவியற் கழகத்தின் உறுப்பினராகி, உலகத் தலைவர்களுக்கும் அதை எடுத்துரைத்தார்.

ஆர்-12க்குப் பதிலாக வந்த வாயுக்களுட் சில ஓசோனை அழிக்கவில்லை. ஆயினும் பூமியைச் சூடாக்கின. எனவே 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் அவற்றையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் உடன்பட்டன. இந்நூற்றாண்டின் முடிவில் அரைப் பாகை வரை வெப்ப உயர்வை இது தவிர்க்கும் என்பது வல்லுநர் கணிப்பு.

காபனீரொட்சைட்டின் கதையோ இவ்வளவு எளிதன்று. 1988இல் அமைக்கப்பட்ட அரசுகளுக்கிடையிலான குழு ஆறு பெரும் மதிப்பீடுகளை வழங்கிவிட்டது. அவற்றின் சுருக்கத்தை நாடுகளின் பிரதிநிதிகள் வரி வரியாகப் படித்து ஏற்கிறார்கள். ஆனால் நிலக்கரியும் எண்ணெயும் ஒரு சில தொழிற்சாலைகளின் பொருளல்ல; எல்லோருடைய அடுப்பும் வாகனமும் அவற்றில் தங்கியுள்ளன. ஆகவேதான் ஏற்ற வரிகள் செயலாகத் தாமதமாகின்றன.

மாணவச் செல்வங்களே! உங்களில் சிலர் ஆய்வாளராவீர்கள். சிலர் சட்டம் இயற்றும் சபைகளுக்குச் செல்வீர்கள். இருவருக்கும் இடையில் நின்று விளக்குவோரும் வேண்டும். அந்த விளக்கம் பனியில் நின்று குழாயைத் திறக்கும் தொழிலாளியின் காது வரை, அவனுடைய மொழியிலேயே சென்று சேர வேண்டும். அன்று எனக்கு ஒருவர் அதைத் தமிழிலே சொல்லியிருந்தால் என் கை தயங்கியிருக்குமோ என்று எண்ணுகிறேன். நீங்கள் இப்பாடசாலையிற் கற்கும் தமிழுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

அந்தாட்டிக்காவின் மேலுள்ள ஓசோன் ஏறத்தாழ 2066இல் 1980ஆம் ஆண்டின் நிலைக்கு மீளும் என வல்லுநர்கள் 2023இல் அறிவித்தனர். அப்போது என் பேத்திக்கு ஐம்பத்திரண்டு வயதாகும். நான் இருக்கமாட்டேன். அவள் அன்று கேட்ட கேள்விக்கு இதுவே என் பதில்: ஓம் பிள்ளை, நானும் விட்டேன். அதை நிறுத்தக் கற்றுத் தந்தவர்களுக்கு நன்றியுடையவனாக இருக்கிறேன்.