"கரன்ட் போனாலும் எனக்குத் தறி நிக்காது கண்ணு!" - இயர் பிளக்கால் தெரியவந்த அப்பாவின் காது

கைக்குழந்தையாக இருந்தபோது, கரன்ட் போனால் அவள் விழித்துக்கொண்டு அழுவாளாம். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். பள்ளிபாளையத்தில் இது பெரிய அதிசயம் இல்லை. காவிரிக்கு அந்தப் பக்கம் ஈரோடு, இந்தப் பக்கம் பள்ளிபாளையம். தெருவுக்குத் தெரு விசைத்தறி. ராத்திரி பகலாக ஓடும் தறிச் சத்தத்தில்தான் தொட்டில் பிள்ளைகள் தூங்கும். அது நின்றால்தான் தூக்கம் கெடும்.

அந்தக் குழந்தைக்கு இப்போது 27 வயது. அதே தறிச் சத்தத்துக்குப் பயந்து ஆன்லைனில் இயர் பிளக் வாங்கினாள்.

இடையில் ஆறு வருடங்கள் சென்னையில் இருந்ததுதான் காரணம். மெடிக்கல் கோடிங் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். ஹாஸ்டல் வாடகை மிச்சம், அம்மா கைச் சாப்பாடு, எல்லாம் சரி. ஆனால், அமெரிக்க ஷிஃப்ட். மாலை 6 மணிக்கு உட்கார்ந்தால் விடியற்காலை 3 மணிக்குத்தான் எழ முடியும். ஊரே எழுந்து நடமாடும் நேரத்தில் அவள் தூங்கியாக வேண்டும். பக்கத்து வீட்டில் எட்டுத் தறி. சுவரை ஒட்டித்தான் அவள் கட்டில்.

தறியாவது பரவாயில்லை, ஒரே தாளத்தில் ஓடும். அப்பாவின் டி.வி-தான் தாங்க முடியவில்லை. அப்பாவும் தறி ஓட்டுகிறவர். 34 வருட சர்வீஸ். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட். ராத்திரி வாரங்களில் காலை 8 மணிக்கு வீடு திரும்பி, இட்லித் தட்டோடு டி.வி முன் உட்காருவார். சவுண்ட் 42. நியூஸ் வாசிக்கிறவர் கட்டில் காலைப் பிடித்து உலுக்குவது போல இருக்கும்.

"அப்பா, சவுண்டைக் குறைங்கப்பா!"

"என்ன கண்ணு?"

"சவுண்டுப்பா!"

"ஆமாமா, நேத்தே வந்துருச்சு" என்பார் அப்பா. எது வந்தது என்று கேட்க அவளுக்குத் தெம்பு இருக்காது. கதவைச் சாத்திக்கொண்டு இயர் பிளக்கைத் திணித்துக்கொள்வாள்.

ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும் ஆரஞ்சு நிற பிளக். பெட்டியில் 33 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருந்தது. (அது ஆய்வகத்தில் சரியாகப் பொருத்தி அளந்த கணக்கு. தூக்கக் கலக்கத்தில் நாமாகத் திணித்துக்கொண்டால் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.) முதல் வாரம் சொர்க்கம். இரண்டாவது வாரம், இன்னும் கொஞ்சம் சத்தம் குறையட்டுமே என்று ஆழமாக அழுத்த ஆரம்பித்தாள். வேலை நேரத்தில் டீம் கால்களுக்கு இயர்போன், தூங்கும்போது பிளக். ஒரு நாளில் காது காற்றைப் பார்த்த நேரம் ஐந்தாறு மணி நேரம்தான். ஒரே ஜோடியை ஒன்றரை மாதம் பயன்படுத்தினாள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் காதிலேயே வைத்துக்கொண்டு படுத்த நாள்களும் உண்டு.

முதலில் அரிப்பு. பட்ஸ் போட்டுக் குடைந்தாள். அப்புறம் அடைப்பு. அப்புறம் ஒரு காலையில், வலது காதைத் தலையணையில் வைக்க முடியவில்லை. மென்றால் வலி, கொட்டாவி விட்டால் வலி, காது மடலைத் தொட்டாலே உயிர் போனது. அம்மா நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் நாலு சொட்டு விட்டார். மறுநாள் காதோரம் வீங்கியிருந்தது.

பாலம் தாண்டி ஈரோட்டில் ஓர் இ.என்.டி டாக்டரைப் பார்த்தார்கள். நடு வயதுப் பெண் டாக்டர். காது மடலை லேசாக இழுத்ததுமே அவள் துள்ளினாள். "உள்காது பிரச்னை இல்லம்மா. வெளிக்காதுக் குழாய்ல இன்ஃபெக்‌ஷன்" என்றார் டாக்டர். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, உறிஞ்சும் குழாயால் குறும்பியை எடுத்தார். அவ்வளவு குறும்பி தன் காதில் இருந்தது என்று வெளியே சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் சொன்னது இதுதான். காதுக் குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான், லேசாக வளைந்து போகும். குறும்பி அழுக்கு அல்ல. அது வெளிப்பக்கத் தோலில் சுரந்து, நாம் பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைய அசையத் தானாக வெளியே நகர்ந்துவிடும். நாள் முழுக்க அடைத்து வைத்தால் அதற்குப் போக வழியில்லை. பிளக் போடும் ஒவ்வொரு முறையும் இன்னும் உள்ளே போகும். மிச்ச சொச்சத்தை பட்ஸ் தள்ளிவிடும். அதோடு ஈரமும் அடைப்பும் சேர்ந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

"எண்ணெய் யாரு விட்டது?" என்று கேட்டார். அம்மா நிமிரவில்லை. "செவிப்பறையில ஓட்டை இருந்திருந்தா எண்ணெய் நேரா நடுக்காதுக்குப் போயிருக்கும்மா. இனி விடாதீங்க" என்றதோடு விட்டுவிட்டார்.

பிளக் கூடாது என்று அவர் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்கு ஆச்சர்யம். போடத் தெரியாமல் போட்டதுதான் தப்பு. கை கழுவிவிட்டு, பிளக்கை மெல்லிய குச்சி போல விரலால் உருட்ட வேண்டும். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்தால் வளைந்த குழாய் நேராகும். அப்போது பிளக்கை விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். எடுப்பதற்குக் கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும். எடுக்கும்போது வெடுக்கென்று பிடுங்காமல் லேசாகத் திருகி எடுக்க வேண்டும். ஸ்பாஞ்ச் பிளக்கைக் கழுவிக் கழுவிப் போடக் கூடாது, அழுக்கானாலோ விறைத்துப்போனாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். காதில் வலியோ, சீழோ, செவிப்பறையில் ஓட்டையோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பிளக் பக்கமே போகக் கூடாது.

காதில் விட மருந்து எழுதிக் கொடுத்து, "பத்து நாளைக்கு எதுவும் வைக்காதே" என்றார். இயர்போனுக்கும் தடை.

அந்தப் பத்து நாள்கள் அவளுக்கு நரகம். போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு, அரைத் தூக்கத்தில் வீட்டின் சத்தங்களை எல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அப்படிப் படுத்திருந்தபோதுதான் சில விஷயங்கள் பிடிபட்டன. வாசலில் குருவி கத்துவது போன்ற காலிங் பெல். அது நாலைந்து முறை கத்தினாலும் பக்கத்திலேயே இருக்கும் அப்பா எழுந்து போவதில்லை. செல்போன் அடித்தால் எடுப்பதில்லை. சட்டைப் பையில் அது அதிர்ந்தால் மட்டும் எடுக்கிறார். அம்மா அடுப்படியிலிருந்து, "ஏனுங்க, தண்ணி நிறைஞ்சுருச்சு, மோட்டாரை நிறுத்துங்க" என்கிறார். பதில் இல்லை. "நான் கூப்பிட்டா மட்டும் இந்த மனுஷனுக்குக் காது கேக்காது" என்று புலம்பிக்கொண்டே அம்மாவே போய் நிறுத்துகிறார். பல வருடங்களாக வீட்டில் நடக்கும் சண்டை அது.

ஏழாவது நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை. காலை 9 மணிக்குத் தறிகள் வரிசையாக நின்றன. பள்ளிபாளையமே மூச்சை நிறுத்தியது போல இருந்தது. சின்ன வயதில் போலவே, அந்த நிசப்தத்தில் அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. திண்ணையில் அப்பா பனியனோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எவ்வளவு அமைதியா இருக்கில்லப்பா" என்றாள், அவர் முகத்துக்கு நேராக.

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார். "உனக்கு நின்னுபோச்சு. எனக்கு எங்க நிக்குது? கரன்ட் போனாலும் எனக்குத் தறி நிக்காது கண்ணு. உள்ளுக்குள்ள 'கீ...'ன்னு ஓடிட்டேதான் இருக்கும்."

"எத்தனை நாளாப்பா?"

"நாளா? அது கெடக்குது ஏழெட்டு வருஷமா. தறிக்காரன் காதுன்னா அப்புடித்தான்."

டி.வி ஏன் 42-ல் ஓடுகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றரை மாதமாக அவள் காதை அடைத்துக்கொண்டது தறிச் சத்தத்துக்காக மட்டும் இல்லை. தறி கெடுத்துவிட்ட ஒரு காதுக்காகவும்தான்.

தனக்கான மறு பரிசோதனைக்குப் போகும்போது அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி வைத்த சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வெளியே நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். டெக்னீஷியன் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார். அப்பாவின் கட்டைவிரல் பட்டன் மேல் அசையாமல் இருந்தது. பரீட்சை எழுதும் பிள்ளை போல அவர் முகம் அவ்வளவு கவனமாக இருந்ததுதான் அவளைக் கலக்கியது.

தாளில் வந்த கோடு, தாழ்ந்த ஒலிகளில் ஓரளவு சமமாக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்திருந்தது. இரைச்சலால் கெட்ட காதுக்கு இது பழகிய அடையாளம் என்றார் டாக்டர். ஒவ்வொரு காதிலும் ஒலியை உணர ஏறத்தாழ 15,000 நுண்மயிர் செல்கள் பிறவியிலேயே இருக்கும். இரைச்சலில் செத்தவை மறுபடி முளைக்காது. உயர்ந்த ஒலிகளுக்கான செல்கள்தான் முதலில் போகும். குருவி பெல், செல்போன் மணி எல்லாம் அந்த வகை. ச, க, த போன்ற எழுத்துகளின் கூர்மையும் அங்கேதான் இருக்கிறது. அதனால் குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது.

"அதேதானுங்க டாக்டர்" என்றார் அப்பா. "பேசுறது கேக்குது. என்ன பேசுறாங்கன்னுதான் தெரியறதில்ல. எத்தனை தடவ 'என்ன, என்ன'ன்னு கேக்கறது? சும்மா தலையாட்டிருவேன்." அம்மா எதுவும் பேசவில்லை. திரும்பும் வழியில் பாலம் தாண்டும்வரை பேசவில்லை.

85 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். நம் தொழிற்சாலை விதிகள் வைத்த வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். விசைத்தறிக்கூடத்தில் 90-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம், ஷிஃப்டோ 12 மணி நேரம். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் ஒன்று. ஆனால், நாலு பேர் வேலை பார்க்கும் ஓட்டுக் கொட்டகையில் யார், யாருக்கு அறிவிப்பது? குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் சொல்கின்றன. புகார் எழுத உட்காருகிறவர் வீட்டுச் சோறும் தறியிலிருந்துதான் வருகிறது.

காது மிஷின் வைத்தால் ஓரளவு தெளிவாகக் கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் காதொலிக் கருவி வாங்க வழி இருப்பதால், அதற்கான காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். "ஊரெல்லாம் செவிடன்னு சொல்லணுமா?" என்று அப்பா முறுக்கிக்கொண்டிருக்கிறார். அது தனிப் போராட்டம்.

இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்று இயர் பிளக்கை நீட்டியபோதும் இதே முறுக்குதான். வேஸ்ட் நூலை உருட்டிக் காதில் வைத்துப் பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு. அதில் சத்தம் பேருக்குத்தான் குறையும். "அதுவுமில்லாம காதை அடைச்சுட்டா தறி எப்படி ஓட்டறது? ஊடை அறுந்தா, நாடா சரியாப் போகலைன்னா சத்தத்துலதான் தெரியும்." நியாயமான கேள்வி. பிளக் சத்தத்தைக் குறைக்குமே தவிர, சுத்தமாக நிறுத்தாது, தறி மாறி ஓடினால் அப்போதும் தெரியும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். நம்பவில்லை. "நாலே நாலு நாள் போட்டுப் பாருங்க, தெரியலைன்னா தூக்கிப் போட்டுருங்க" என்று பேரம் பேசி, கயிறு கோத்த பிளக் வாங்கிக் கொடுத்தாள். கழற்றினால் கழுத்தில் தொங்கும், கீழே விழுந்து நூல் தூசியில் உருளாது. உருட்டி வைக்கும் முறையைக் கண்ணாடி முன் நிற்க வைத்துக் கற்றுக் கொடுத்தாள். தறி எண்ணெய் ஏறிய அந்தத் தடித்த விரல்களுக்கு அது சுலபமாக இல்லை.

முதல் நாள் அரை மணி நேரத்தில் கழற்றிவிட்டார். இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரம் வரை. பட்டறையில், "என்ன மாமா, பாட்டா கேக்கறீங்க?" என்று சின்னப் பையன்கள் கிண்டல் செய்தார்களாம். நாலாம் நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது, "தலை கனம் இல்ல இன்னிக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். டி.வி சவுண்ட் இப்போதும் 42-தான். போன சத்தம் திரும்பி வராது. அவள் கட்டிலை எதிர்ச்சுவர்ப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிளக்கைத் தூங்கும்போது மட்டும், காது உலர்ந்திருந்தால் மட்டும் போடுகிறாள்.

அம்மா அடுப்படியிலிருந்து கத்துவதை விட்டுவிட்டார். முன்னால் வந்து நின்று, கையை அசைத்து, முகம் பார்த்துப் பேசுகிறார். மோட்டார் இப்போது நேரத்துக்கு நிற்கிறது.

போன சனிக்கிழமை கூலி வாங்கி வந்த அப்பா, நூறு ரூபாய்த் தாள் ஒன்றை அவள் லேப்டாப் மேல் வைத்தார்.

"அந்தக் கயிறு வச்சது ரெண்டு ஜோடி வரவழைச்சுக் குடு கண்ணு. பக்கத்துத் தறிக்காரன் கேக்கறான். கிண்டல் பண்ணானே, அவன்தான்."